அந்தக் கொட்டேஷனை வரிவரியாகப் படிங்க

ஷோரூமில் காரின் விலைக்குப் பேரம் பேசிப் பெரிதாக எதுவும் நடக்காது. வட சென்னையில் எங்கள் ஏரியாவில் முதல் கார் வாங்கப் போகிற எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத விலை, கம்பெனி வைத்தது. தள்ளுபடி என்று தருவதும் அந்த மாதம் கம்பெனி அறிவித்தது, அதற்கு மேல் டீலர் தன் பங்குக்குக் கொஞ்சம் போடலாம், அவ்வளவுதான். நம் பணம் போவது, ஷோரூமில் எழுதித் தரும் கொட்டேஷன் தாளில் அதற்குக் கீழே இருக்கும் வரிகளில்: இன்சூரன்ஸ், லோன், ஆக்சஸரீஸ் கிட், கோட்டிங், ஹேண்ட்லிங் சார்ஜ். அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்பவருக்கு ஒரு விலை, "மொத்தம் எவ்ளோ ஆவும் தம்பி" என்று மட்டும் கேட்பவருக்கு வேறு விலை.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மொத்தத்தைத்தான் கேட்கிறார்கள். கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் நின்று, ஐஸ் செலவு, வண்டி வாடகை, ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டிய கடன் நாள் எல்லாவற்றையும் மனதிலேயே போட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்கள். ஆனால் கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய பையன், இங்கிலீஷில் அச்சடித்த பேப்பர் என்று வரும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. அந்தக் கூச்சம் தானாக வரவில்லை. உள்ளே நுழைந்ததும் காலிலிருந்து தலைவரை ஒரு பார்வை, அப்புறம் என்கொயரி ஃபாரத்தில் "எந்த ஏரியா சார்?" என்று ஒரு கேள்வி, பதிலைக் கேட்டதும் முகத்தில் ஒரு மாற்றம். வட சென்னையில் பிறந்தவர்களுக்கு இந்தப் பார்வையைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. 1946ல் எம்.ஆர்.எஃப். ஒரு பலூன் செய்கிற கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில். 1948ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆன கம்பெனி எண்ணூரில். புல்லட் இந்தியாவில் தயாராக ஆரம்பித்தது 1955க்குப் பிறகு திருவொற்றியூரில்தான். எங்கள் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த காலம் இருந்தது. லாரிக்கு சேஸி மாட்டியவர், டயரை அச்சிலிருந்து எடுத்தவர், இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்திலேயே குறை சொன்னவர் எல்லாம் எங்களுக்கு மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன். அந்த வீட்டுப் பிள்ளைகள் கார் வாங்கப் போய் ஓரமாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறார். இத்தனை வருடம் டாட்டா ஏஸில் தொழில், ஸ்கூட்டரில் குடும்பம். அக்காவுக்கு முட்டி வலி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கார் வாங்கலாம் என்று முடிவானது. "மச்சான், நீ வா, நீ பேசு" என்றார். நான் கூட வருகிறேன், பேசுவது நீங்கள்தான் மாமா என்று சொல்லி அழைத்துப் போனேன்.

முதலில் போன ஷோரூமைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். பேர் சொல்லவும் விருப்பமில்லை. மாமா வேட்டி கட்டி வந்திருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவருக்குக் காபி போனது. ஒருவர் வந்து, என்ன பட்ஜெட், லோன் கிடைக்குமா என்று பாருங்கள், செகண்ட் ஹேண்ட் செக்ஷன் பக்கத்து பில்டிங்கில் இருக்கிறது என்றார். மாமா எதுவும் பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டார். அப்படி எழுந்து வருவது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதே கார், அதே விலை, சென்னை முழுக்க நிறைய இடங்களில் கிடைக்கிறது.

இரண்டாவது ஷோரூமில் எங்களுக்குக் கிடைத்த சேல்ஸ் பையன் மீஞ்சூர்க்காரர். கும்மிடிப்பூண்டி லைன் எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து போகிறவர். காசிமேடு என்றதும், "அண்ணா, எங்க பெரியம்மா வீடு தண்டையார்பேட்டைலதான்" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தையில் மாமாவுக்கு முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். இவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டெஸ்ட் டிரைவ் பற்றி ஒரு விஷயம். ஷோரூமில் அவர்கள் காட்டும் ரூட் எப்போதும் அகலமான, பள்ளமில்லாத சாலை. அதில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். வண்டியை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் வருவார்கள். நாங்கள் மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தோம். இரண்டு டிரெய்லருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பின்னால் எவ்வளவு தெரிகிறது, கிளட்ச் கால் எவ்வளவு வலிக்கிறது என்பதை பிரோஷரில் படிக்க முடியாது. அப்புறம் எங்கள் தெருவுக்குள் திருப்பி, எதிரில் ஆட்டோ வந்தால் ரிவர்ஸ் எடுக்க முடிகிறதா என்று பார்த்தோம். அக்காவை ஏறி இறங்கச் சொன்னோம். குனிந்து உட்கார வேண்டிய காரில் முட்டி மடங்கவே இல்லை, சீட் கொஞ்சம் உயரமாக இருந்த காரில் பிடித்துக்கொள்ளாமல் ஏறிவிட்டார். எந்தக் கார் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

மழையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்காத பெருமழை உண்டா? தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் கொட்டேஷன். வாய்க்கணக்காகச் சொன்னார்கள், நாங்கள் பேப்பரில் கேட்டோம். வந்தது. எக்ஸ் ஷோரூம் 8,90,000. ரோடு டாக்ஸ் 1,15,700. இன்சூரன்ஸ் 54,000. ஆக்சஸரீஸ் கிட் 32,000. எக்ஸ்டெண்டட் வாரண்டி 18,000. கோட்டிங் பேக்கேஜ் 14,500. ஹேண்ட்லிங் 8,500. ஃபாஸ்டேக் 600. மொத்தம் 11,33,300. மாமா கீழே இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நான் மேலிருந்து ஆரம்பிக்கலாம் மாமா என்றேன்.

முதல் வரியில் அந்தப் பையன், "ஜிஎஸ்டி ஆஃபர் போட்டுக் கொடுத்திருக்கேன் சார்" என்றார். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அவருக்குப் பயிற்சி. ஆனால் அது ஆஃபர் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசல் என்றால் 1500 சிசி வரை. அதற்கு முன் அந்த பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. வரிக்கு முன் 100 ரூபாய் என்று வைத்தால், 129 ரூபாய்க்கு விற்றது 118க்கு வரவேண்டும், அதாவது விலையில் சுமார் எட்டரை சதவீதம். அது சட்டப்படி நமக்கு வந்து சேரவேண்டியது. அதைத் தள்ளுபடிக் கணக்கில் சேர்க்காமல், அதற்கு மேல் என்ன தருகிறீர்கள் என்று கேட்கலாம். கேட்டோம். மாதக் கடைசி என்பதால் மேனேஜரிடம் போய்விட்டு வந்து மிதியடியும் மட்ஃபிளாப்பும் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். சரி என்றோம்.

ரோடு டாக்ஸில் பேரம் கிடையாது, அது அரசாங்கத்துக்கு. ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியபடி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,80,000 ரூபாய் காருக்கு 1,27,400 கட்டுவீர்கள். அதே கார் டாப் மாடலில் 10,20,000 என்றால் 1,83,600. "நாப்பதாயிரம்தான் வித்தியாசம் சார், சன் ரூஃப் வருது" என்பார்கள், வரியில் மட்டும் இன்னொரு 56,200 சேருவதைச் சொல்லமாட்டார்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ் என்று 1 சதவீதமும் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்ப வாங்கவோ கூடியது, கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் வரியில்தான் நான் நிறைய நேரம் உட்கார்ந்தேன். புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ், கட்டாயம், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். அதன் தொகையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த விகிதப்படி 1000 முதல் 1500 சிசி காருக்கு மூன்று வருடத்துக்கு 10,640, அதன் மேல் ஜிஎஸ்டி. இதை எந்தக் கம்பெனியும் ஏற்ற இறக்க முடியாது. மீதி எல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதி, அங்கேதான் டீலருக்கு வருமானம். நாங்கள் அங்கேயே உட்கார்ந்து, அதே கம்பெனியின் பாலிசியை, அதே ஐடிவி (வண்டி திருடு போனால் கிடைக்கும் தொகை) போட்டு, ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது), இன்ஜின் புரொடெக்ட் இரண்டும் சேர்த்து வெளியில் கேட்டோம். 36,500. இங்கே 54,000. ஐடிவியைச் சரிபார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது. புதுக் காருக்கு அது எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்கவேண்டும், எங்கள் கணக்கில் 8,45,500. சிலர் ஐடிவியைக் குறைத்துக் காட்டி பிரீமியம் குறைவு என்பார்கள், வண்டி திருடு போனால் அப்போது தெரியும்.

இன்ஜின் புரொடெக்டை வட சென்னையில் யாரும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய்க் கெட்டால் சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் தரமாட்டார்கள். ஒரு மழைக்கு லட்சக்கணக்கில் போய்விடும்.

வெளியில் இன்சூரன்ஸ் போடுகிறோம் என்றதும் பையனின் முகம் வாடியது. "அப்போ கேஷ்லெஸ் கிடைக்காது சார்", "டெலிவரி லேட் ஆகும் சார்" என்றெல்லாம் சொன்னார். கேஷ்லெஸ் என்பது, ரிப்பேர் செலவை நாம் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே பணிமனைக்கு நேராகக் கட்டுவது. அது அந்த இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்தப் பணிமனை அவர்கள் பட்டியலில் இருந்தால் யாரிடம் வாங்கினாலும் கிடைக்கும். இன்சூரன்ஸை எங்கே வாங்குவது என்பது வாங்குகிறவர் இஷ்டம் என்று சொன்னேன், குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். மேனேஜர் வந்தார். 54,000 முதலில் 45,000 ஆனது, அப்புறம் 39,000. அப்படியும் வெளியேதான் போட்டோம்.

லோன் விஷயம்தான் எனக்கு மனம் ஆறாதது. மாமா கையில் ரொக்கம் புழங்குகிற தொழில். "துட்டு நான் கட்டிடறேன், லோன்லாம் இன்னாத்துக்கு?" என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரு காருக்கு ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. துண்டு துண்டாகக் கொடுத்தாலும் அதே கணக்குதான். பான் கார்டும் கட்டாயம். முன்பணத்தை பேங்க் வழியாகக் கட்டி மீதி 8 லட்சத்துக்கு லோன் என்று முடிவு செய்தோம்.

ஷோரூமிலேயே ஒரு மேஜையில் ஃபைனான்ஸ் ஆள் இருந்தார். ஆதார் கார்டில் முகவரியைப் பார்த்தார். போனில் யாரிடமோ பேசினார். "சார், அந்த பின்கோடு கொஞ்சம் கஷ்டம். வேற ஏரியால சொந்தக்காரங்க யாராவது கேரண்டி போடுவாங்களா?" என்றார். இந்த வேலையில் இருப்பவர்கள் இதற்கு 'நெகட்டிவ் ஏரியா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒழுங்காகக் கடன் கட்டினாரா, தொழில் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான், முதலில் தெருவின் பேரைப் பார்க்கிறார்கள். அடுத்து பேங்க் ஸ்டேட்மென்டைப் புரட்டிவிட்டு, "ஏப்ரல் பாதில இருந்து ஜூன் பாதி வரைக்கும் வரவே இல்லையே, தொழில் நின்னு போச்சா?" என்று கேட்டார். மாமா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, 61 நாள். கடலோர நகரத்தில் உட்கார்ந்து கடன் கொடுக்கிறவருக்கு இது தெரியவில்லை. மாமாவே விளக்கினார், பொறுமையாக.

கடைசியில் கொடுக்கச் சம்மதித்தார்கள். "வெறும் அஞ்சரை பர்சன்ட்தான் சார், ஃபிளாட்." இந்த ஃபிளாட் என்பதைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 8 லட்சத்துக்கு 5.5 சதவீதம் வருடத்துக்கு 44,000, ஐந்து வருடத்துக்கு 2,20,000, மொத்தம் 10,20,000, மாதம் 17,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வரும்போதும், கடைசி மாதம் வரை முழு 8 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடுகிற முறையில் பார்த்தால் இது 10 சதவீதம். 10 சதவீதத்தில் அதே கடனுக்கு மாதத் தவணை 16,998 வருகிறது, நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் ஏழு வருடமாகப் போட்டுக்கொள்ளுங்கள், தவணை குறையும் என்றார்கள். 9 சதவீதக் கணக்கில் சொல்கிறேன்: ஐந்து வருடம் என்றால் மாதம் 16,607, மொத்த வட்டி சுமார் 1,96,000. ஏழு வருடம் என்றால் மாதம் 12,871, வட்டி சுமார் 2,81,000. மாதம் 3,700 குறைவாகக் கட்டுவதற்கு 85,000 கூடுதலாகக் கொடுக்கிறோம், அதுவும் கார் பழசான பிறகும்.

நாங்கள் கொட்டேஷனை எடுத்துக்கொண்டு டி.எச். ரோட்டில் மாமா பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் பேங்க் கிளைக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா ஸ்டேட்மென்டைப் பார்த்ததும், "ரெண்டு மாசம் பேன் பீரியட், அதான் இல்லையா?" என்று அவராகவே கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பாதி லோன் முடிந்த மாதிரி மாமாவுக்குத் தெம்பு வந்தது. மூன்று வருட ஐடி ரிட்டர்ன், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஓட்டல்களின் பில்கள் கொடுத்தோம். 9 சதவீதம், குறையும் அசலுக்கு வட்டி, ஃப்ளோட்டிங், அதாவது விகிதம் இடையில் ஏறி இறங்கலாம். ஃப்ளோட்டிங் வட்டியில் சொந்த உபயோகத்துக்குத் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, ஃபிக்ஸட் என்றால் அந்தச் சலுகை இல்லை. தடைக்காலம் முடிந்து படகு போன முதல் வாரங்களில் வரவு நன்றாக இருக்கும், அப்போது அசலில் கூடுதலாகக் கட்டலாம் என்று மாமா கணக்குப் போட்டுவிட்டார்.

எங்கே லோன் வாங்கினாலும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். பிராசசிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நிஜமாக எத்தனை சதவீதம் என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு இடத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பேங்க் லோன் கிடையாது என்று சொன்னால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அப்படித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. "பின்கோடு" என்று யாராவது எழுதித் தருகிறார்களா பார்ப்போம்.

மீதி வரிகள் சீக்கிரம் முடிந்தன. ஆக்சஸரீஸ் கிட்டில் சீட் கவர், குரோம் பட்டை, வாசனைப் பொருள் எல்லாம் எடுத்துவிட்டு மிதியடி, மட்ஃபிளாப் மட்டும் 4,000க்கு. கோட்டிங் பேக்கேஜ் வேண்டாம் என்றோம். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் வீடு, அதனால் அடிப்பாகத்துக்கு மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் தனியாகக் கோட்டிங் அடித்துக்கொண்டோம், செலவு பாதிகூட இல்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி வைத்துக்கொண்டோம், அது உபயோகமானது.

ஹேண்ட்லிங் சார்ஜ் வந்தபோது மாமாவே கேட்டார். "இன்னா தம்பி இது, இன்னாத்துக்கு?" யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டு வருகிற செலவு என்றார். "என் கடைக்கு வர்ற மீனுக்கு நான் ஐஸ் வச்சதுக்குத் தனியா பில் போட்டா ஓட்டல்காரன் சும்மா வுடுவானா?" காரின் விலையிலேயே அது அடங்கியிருக்கவேண்டும், தனி ஐட்டமாக வாங்குவதாக இருந்தால் என்ன சேவை என்று எழுதி ஜிஎஸ்டி ரசீது கொடுங்கள் என்று நானும் கேட்டேன். மேனேஜர் பேப்பரை வாங்கி ஒரு கோடு போட்டார். 8,500 போனது. எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

காரின் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் அந்தத் தாளில் குறைந்தது 68,500.

பணம் முழுதும் கட்டுவதற்கு முன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன், யார்டில் போய் வண்டியைப் பாருங்கள். ரிஜிஸ்டர் ஆகிவிட்டால் அது உங்கள் வண்டி, அப்புறம் கீறல் இருக்கிறது என்றால் "பாலிஷ் போட்டுத் தரோம் சார்" என்பதோடு முடிந்துவிடும். செங்குன்றம் தாண்டி ஒரு வெட்டவெளியில் வரிசையாக நின்றிருந்த கார்களில் எங்களுடையதைத் தேடினோம். சேஸி நம்பர் 17 எழுத்து, பெரும்பாலும் பத்தாவது எழுத்துதான் தயாரித்த வருடம்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. மாதமும் வருடமும் ஃபாரம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3225 என்றால் 2025ன் 32வது வாரம். வண்டி புதுசு, டயர் ரொம்பப் பழசு என்றால் கேளுங்கள்.

மாமா எதையும் அவசரப்படாமல் பார்த்தார். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, கதவு ரப்பரை விரலால் விலக்கி உள்ளே பார்த்தார். பானெட் திறந்து ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டார். வெயிலில் ஒரு பக்கமாகக் குனிந்து பெயின்ட்டைப் பார்த்து, பின் கதவுக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு இடத்தில் பளபளப்பு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். நான் இரண்டு தடவை பார்த்தும் எனக்குத் தெரியாதது. பையனும் குனிந்து பார்த்துவிட்டு, எதிர்த்துப் பேசாமல், "வேற வண்டி அலாட் பண்ணச் சொல்றேன் அண்ணா" என்றார். சொன்னபடி செய்தார்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. என்ஜினியரிங் முடித்தவர். சம்பளம் சொற்பம், வண்டிக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ், அதிலும் இன்சூரன்ஸ் ஷோரூமிலேயே போட்டால் அதிகம், லோன் அவர்கள் வழியாகப் போனால் அதிகம். மாதத்துக்கு இத்தனை கிட் விற்கவேண்டும் என்று டார்கெட். யார்டிலிருந்து திரும்பி வரும்போது அவரே சொன்னார், "வண்டில ஒண்ணும் நிக்காது சார், மத்ததுலதான் எங்களுக்கு." நாங்கள் வெட்டிய ஒவ்வொரு வரியும் அவர் பையிலிருந்தும் கொஞ்சம் எடுத்திருக்கும். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அதற்காக 8,500ஐக் கொடுத்துவிட முடியாது. அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கவேண்டியது அவர் முதலாளி. அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, வாக்குக் கொடுத்த தேதியில் பணம் கட்டினோம், தெரிந்தவர் இரண்டு பேரின் நம்பரை அவர்களைக் கேட்டுவிட்டு அவரிடம் கொடுத்தேன். கார் வாங்கப் போகிறவர்கள் சேல்ஸ் பையன்களிடம் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லாத அநியாயம். கேட்கவேண்டியதைச் சிரித்த முகத்தோடும் கேட்கலாம், திரும்பத் திரும்பவும் கேட்கலாம்.

எப்போது வாங்குவது என்றும் கேட்கிறார்கள். ஆடியில் நம் ஆட்கள் வண்டி எடுக்கமாட்டார்கள், அதனால் அந்த மாதம் ஷோரூமில் நல்ல பேச்சு எடுபடும். ஆடியில் புக் செய்து ஆவணியில் டெலிவரி எடுத்தால் சாஸ்திரத்துக்கும் குறையில்லை. ஆயுத பூஜைக்கு டெலிவரி வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அன்றைக்கு நிற்கிற கூட்டத்தில் வண்டியை யாரும் நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள். மாமா ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில் ராகு காலம் முடிந்து எடுத்தார். பாடிகாட் முனீஸ்வரன் கோவிலுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள், அக்கா வடிவுடையம்மன் கோவில்தான் என்று சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, வண்டி வீட்டுக்கு வந்தது. டிஎன் 03.

கொஞ்ச நாள் கழித்து கார் கம்பெனியிலிருந்து ஃபீட்பேக் கால் வந்தது. அதற்கு முன்பே பையன் போன் செய்து, "பத்துக்குப் பத்து சொல்லிடுங்க அண்ணா, ஒன்பது சொன்னாக்கூட எனக்கு இன்சென்டிவ் கட் ஆயிடும்" என்று கெஞ்சியிருந்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டார். தம்பிக்குப் பத்து, நல்லாப் பாத்துக்கினாரு என்றார். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டார், வழக்கமாக இல்லை என்ற பதிலுக்குத்தான் கேட்பார்கள். மாமா கொட்டேஷனை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டார். "எழுதிக்கம்மா. ஹேண்ட்லிங் சார்ஜ்னு 8,500 போட்டிருந்தாங்க, கேட்டப்புறம் எடுத்தாங்க. கேக்காதவங்ககிட்ட வாங்கினத திருப்பித் தரணும். எழுதிட்டியா? திருப்பிப் படி." அந்தப் பெண் படித்துக் காட்டினார். அடுத்து மாமா பின்கோடு விஷயத்தை ஆரம்பித்தார்.